யாராக இருந்தாலும் சரி

"அதெப்படிடா எல்லாரும் உங்க மாமாவையே தேர்ந்தெடுக்கறாங்க?"

அக்கா போனில் கேட்ட கேள்விக்குக் கம்ப்யூட்டரிடம் பதில் இருந்தது. வாயைத் திறக்கத்தான் கடைவாய்ப் பல் வலி விடவில்லை. ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றிக் கொடுத்த நாளிலிருந்து குடும்பத்தில் அவன் பெயர் கம்ப்யூட்டர்.

அக்காவும் மாமாவும் பல் டாக்டர்கள். ஒரே கிளினிக், எதிரெதிர் அறைகள். அவர்களுக்கு வெப்சைட் செய்து, சோதித்துக் கொடுத்தவன் இவன்தான். முன்பதிவுப் பக்கத்தில் போன் நம்பரைப் போட்டுவிட்டு, 'எந்த டாக்டர்?' என்பதற்கு எதிரே இருக்கும் இரண்டு வட்டங்களில் ஒன்றைத் தொட வேண்டும். மேலே இருந்த மாமாவின் வட்டத்தில் முன்கூட்டியே புள்ளி விழுந்திருந்தது. டாக்டர்களின் திரையில் எண்ணிக்கை மட்டும் தெரியும்: மாமா ஆறு, அக்கா பூஜ்யம்.

"மேல இருக்கிற பேருக்குத் தானாவே புள்ளி விழும்க்கா. உன்னை மேல தூக்கிடறேன்."

தூக்கினான். சரியாக வேலை செய்கிறதா என்று மொபைலில் ஒருமுறை, லேப்டாப்பில் ஒருமுறை, மனசு கேட்காமல் இன்னும் சிலமுறை படிவத்தை நிரப்பி அனுப்பிப் பார்த்தான். தொழில் என்று வந்துவிட்டால் அவன் அவ்வளவு சுத்தம்.

மறுநாள் மாமா பிடித்துக்கொண்டார்.

"என்ன மாப்ள, உங்கக்காவுக்கு ஏழு பேராமே? நான் என்ன இங்க ஈ ஓட்டிக்கிட்டு இருக்கவா?"

"கோச்சுக்காதீங்க மாமா. பொதுவா ஒண்ணு போட்டுடறேன்."

இரண்டு பேருக்கும் மேலே 'யாராக இருந்தாலும் சரி' என்று மூன்றாவது வட்டம் வந்தது. வழக்கம்போல் அனுப்பிப் பார்த்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாகப் படுத்தான்.

தீரவில்லை. மறுநாள் அத்தனை பேரும் 'யாராக இருந்தாலும் சரி'.

"நானும் அவரும் ஒண்ணா? கோல்டு மெடல் வாங்கினவடா நான்!"

"பதிவு பண்ணவங்க ஒருத்தர்கூட வந்து சேரலை மாப்ள. உங்கக்கா விடற டோஸ் வாசல் வரைக்கும் கேக்குது. வருவாங்களா?"

வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். கம்ப்யூட்டருக்குப் பயம் வந்துவிட்டது. கிளினிக் நம்பரிலிருந்து அழைப்பு வந்தாலே போனைக் கவிழ்த்து வைத்தான்.

ஆனால் பல்லைக் கவிழ்த்து வைக்க முடியவில்லை. கன்னம் பன் மாதிரி உப்பியதும் வேறு வழியில்லாமல் கிளினிக்குக்கே போனான்.

இரண்டு கதவுகளும் ஒன்றாகத் திறந்தன. இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் கையில் குறடோடு மாமா.

"யாருகிட்டடா காட்ட வந்தே?"

"தயங்காம சொல்லுங்க மாப்ள."

சொன்னால் ஒரு குடும்பம் உடையும். சொல்லாவிட்டால் பல் உயிரை எடுக்கும். கம்ப்யூட்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

"யாரா... இருந்தாலும்... சரி."

இரண்டு முகங்களும் இறுகின. அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த வரவேற்பறைப் பெண், இதையெல்லாம் கவனிக்காமல் கீபோர்டை இழுத்துக்கொண்டாள்.

"போன் நம்பர் சொல்லுங்க சார்."

சொன்னான். தட்டினாள். திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"அப்ப பதிவு பண்ணிட்டு வராம ஏமாத்தின அத்தனை பேரும் நீங்க ஒருத்தர்தானா சார்? நானும் தினம் கூப்பிடறேன், எடுக்கவே மாட்டேங்கறீங்களே!"