கூலண்ட் போன வழி

எங்கள் காரில் எஞ்சினைக் குளிரவைக்கும் கூலண்ட் காணாமல் போகிறது என்பது என் மனைவிக்குத் தெரியவே கூடாது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிவு செய்தேன்.

அந்த முடிவில் ஒரு சின்ன சிக்கல் இருந்தது. என் மனைவி குடிநீர் வாரியத்தில் கசிவுப் பிரிவில் வேலை பார்க்கிறாள். தொட்டியிலிருந்து கிளம்பிய தண்ணீர் குழாய்க்கு வந்து சேராவிட்டால், நடுவில் எங்கே ஓடிப்போனது என்று கண்டுபிடிப்பதுதான் பன்னிரண்டு வருடமாக அவளுக்குச் சம்பளம் தரும் வேலை. அவளிடம் போய்த் தண்ணீர் விஷயத்தை மறைப்பதும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதும் ஒன்றுதான். இருந்தாலும் முடிவு என்றால் முடிவு. ஆம்பிளை முடிவு.

காரை வாங்கியதே அவளுக்காகத்தான். மலைமேல் இருக்கும் ஊரில் கசிவுப் பிரிவுக்குத் தலைமை அதிகாரியாக அவளுக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. அடுத்த வாரம் முடிந்து வரும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் பொறுப்பேற்க வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த பெயர். அந்த அடுத்த பெயர்க்காரர் இப்போதே மேலே வீடு பார்த்துவிட்டதாகக் கேள்வி. முதல் பஸ் மலையேறிச் சேர்வது பத்தரைக்கு.

"நான் இருக்கேன்ல" என்றேன். ஞாயிற்றுக்கிழமை போய், பதினான்கு வயதான ஒரு காரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

"ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய்ப் பாத்திருக்கலாமே" என்றாள்.

"எதுக்கு? பாத்தாலே தெரியலையா?"

"என்ன தெரியுது?"

"கார்னு தெரியுது."

திங்கட்கிழமை மாலை இரண்டு தெரு சுற்றுவதற்குள் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் எழுந்து நின்று சல்யூட் அடித்தது. வண்டி ஆறியதும் திறந்து பார்த்தால், பச்சையாகத் ததும்ப வேண்டிய கூலண்ட் டப்பா காய்ந்து கிடந்தது. சமதரையில் இரண்டு தெருவுக்கே இந்தக் கதி. மலையில் இருபத்திரண்டு கிலோமீட்டர். பாதி வழியில் வண்டி கொதித்து நின்றால் பன்னிரண்டு வருட உழைப்பு அடுத்த பெயர்க்காரருக்குப் போய்விடும். மெக்கானிக்கிடம் போனால், "அன்னிக்கே சொன்னேன்" என்ற மூன்று சொற்களை நான் அவள் வாயால் ஆயுள் முழுக்கக் கேட்க வேண்டும். சரி, மூன்று இல்லை, இரண்டுதான். கேட்கும்போது மூன்று மாதிரி இருக்கும்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். ஒரு கால்புள்ளி இடம் மாறினாலும் என் கண்ணில் மாட்டும். ஓட்டை மாட்டாதா?

விடியற்காலையில் எழுந்து பூனைபோலப் போய் டப்பாவில் இரண்டு குவளை தண்ணீர் ஊற்றினேன். அடுத்த நாள் பார்த்தால் இல்லை. மறுபடி ஊற்றினேன். வண்டிக்கு அடியில் அட்டையை விரித்துப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரம் இல்லை. ரேடியேட்டரைத் தடவினேன். ஹோஸ் குழாய்களைத் தடவினேன். எல்லாம் காய்ந்த விறகு. ஊற்றுகிற தண்ணீரை யார்தான் குடிக்கிறார்கள்?

மாலையில் ஒத்திகை என்று அவளையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போவேன். அவள் ஏறினாலே புகார்தான்.

"என்னங்க, என் பக்கம் கால் நனையுது."

"உன் குடையிலேருந்து சொட்டியிருக்கும்."

"நான் குடையே கொண்டு வரலையே."

"நேத்து கொண்டு வந்தியே, அது."

"உள்ள ஏதோ இனிப்பா ஒரு வாசனை வருது."

"புதுச் சோப்பு. என் சட்டை."

"கண்ணாடி ஏன் இப்படிப் பனி பூத்த மாதிரி மங்குது?"

"ரெண்டு பேர் மூச்சு விடறோம்ல. நீ கொஞ்சம் பேச்சைக் குறைச்சா தெளிஞ்சிடும்."

அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காலைத் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெண்களுக்கு உட்காரத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் பக்கத்து வீட்டு லாரிக்காரர் மதில்மேல் கையை ஊன்றினார். முப்பது வருடம் லாரி ஓட்டி ஓய்ந்தவர்.

"என்ன தம்பி, தினம் விடிகாலையில காருக்கு அபிஷேகம் நடக்குது?"

"மெதுவா பேசுங்க அண்ணே. தண்ணி நிக்க மாட்டேங்குது."

"பச்சை முட்டை ஒண்ணை உடைச்சு ரேடியேட்டருக்குள்ள ஊத்து. சூட்டுல வெந்து ஓட்டையைப் போய் அடைச்சுக்கும். எத்தனை லாரிக்குப் பண்ணியிருக்கேன்."

"அந்த லாரியெல்லாம் இப்ப எங்க இருக்கு?"

அவர் மதிலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். கொல்லையில் என் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்திருக்காது என்று நான் நம்பினேன். இன்றுவரை அவள் காதில் விழாமல் போனது ஒன்றும் இல்லை என்பது அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது.

மறுநாள் விடியற்காலையில் சமையலறையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு போனேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விளிம்பில் தட்டினேன். உடையவில்லை. பலமாகத் தட்டினேன். ஓடு உரிந்து, வெள்ளை வெளேரென்று கல்போல ஓர் அவித்த முட்டை கையில் வந்தது. திரும்பிப் போய் இன்னொன்று எடுத்தேன். அதுவும் அவித்தது. பன்னிரண்டு முட்டையையும் ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது விளக்கு எரிந்தது.

"பசிக்குதாங்க?" என்றாள் சமையலறை வாசலில் நின்று.

"லேசா."

"உப்பு வேணுமா?"

"எதுக்கு எல்லாத்தையும் அவிச்சு வெச்சிருக்கே?"

"தோணுச்சு."

விடிவதற்குள் உப்பு தொட்டு இரண்டு முட்டை தின்றேன். வேறு என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை காலை கடைசி முயற்சி. தண்ணீரை ஊற்றிவிட்டு, ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கண்ணில் பட்ட ஹோஸ் கிளிப்பையெல்லாம் முறுக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். பிறகு அச்சகத்துக்கு நடந்து போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை டப்பாவைப் பார்த்தேன். ஊற்றிய அளவு அப்படியே இருந்தது. மாலை ஓட்டிவிட்டு வந்து பார்த்தேன். அப்படியே. ஞாயிறும் அப்படியே. தண்ணீர்கூடப் பழையபடி பச்சை ஏறித் தெரிந்தது. சந்தோஷத்தில் கண்ணுக்கு எல்லாம் பசுமையாகத் தெரிவது சகஜம் என்று விட்டுவிட்டேன். லாரிக்காரரிடம் போய், "கிளிப்புதான் அண்ணே விஷயம். கைப்பக்குவம்" என்று அரைமணி நேரம் விளக்கினேன். பாவம், அவர் இரண்டு முறை கொட்டாவி விட்டார்.

திங்கட்கிழமை. ஏழரை மணிக்கு மலையேறத் தொடங்கினோம். வளைவுக்கு வளைவு நான் சாலையைப் பார்த்ததைவிட முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். முள் நடுவில் நின்றது, நகரவே இல்லை. வழியில் ஒரு புத்தம் புது வண்டி பானெட்டைத் திறந்து போட்டு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நான் ஹாரன் அடித்து ஆறுதல் சொன்னேன்.

எட்டு நாற்பதுக்கு அலுவலக வாசலில் நிறுத்தினேன். என் மனைவி அண்ணாந்து அந்தக் கட்டடத்தைப் பார்த்தாள். இருபது நிமிடம் மிச்சம்.

"பாத்தியா? பதினோரு நாள் ராப்பகலா மண்டையை உடைச்சு நானே சரி பண்ணின வண்டி. இப்பச் சொல்றேன், வாங்கும்போது இதுல கூலண்ட் ஒழுகிட்டு இருந்துச்சு."

"தெரியுங்க."

"என்ன தெரியும்?"

"பதினோரு நாள்ல இருபத்திரண்டு குவளை ஊத்தினீங்க."

தூக்கிவாரிப் போட்டது. "இருபத்து மூணு."

"அப்ப ஒண்ணைக் கீழ கொட்டியிருப்பீங்க."

கொட்டினேன்தான். என் கால்மேல். "அது எப்படி உனக்கு..."

"தினமும் டப்பாவிலேருந்து துளி எடுத்து லேப்ல வெச்சுப் பாத்தேன். பச்சை எவ்வளவு வெளுத்திருக்குன்னு பாத்தா, எவ்வளவு தண்ணி கலந்திருக்குன்னு சொல்லிடலாம். எங்க பொழப்பே அதுதானே."

அப்போதுதான் கவனித்தேன். புதுச் செருப்பு அவள் காலில் இருந்தது. கால் தரையில் இருந்தது.

"கால் நனையலையா?"

"வெள்ளிக்கிழமையிலேருந்து நனையலை. இந்த டாஷ்போர்டுக்குப் பின்னாடி, குளிருக்குச் சூடு தர்ற ஹீட்டர் இருக்காம், கூலண்ட் அது வழியாவும் ஓடுமாம். அதுல ஓட்டை. நீங்க ஊத்தினது மொத்தமும் என் கால்கிட்டதான் வந்துட்டிருந்துச்சு. ஹீட்டருக்குப் போற ஹோஸையும் வர்ற ஹோஸையும் ஒண்ணா இணைச்சு, தண்ணி ஹீட்டருக்குள்ள போகாம பண்ணிட்டார் மெக்கானிக். கூலண்டையும் புதுசா மாத்தியாச்சு. உங்க கிளிப்பையெல்லாம் கொஞ்சம் தளர்த்தி விட்டார். ரெண்டு ஹோஸ் நசுங்கிப்போச்சாம்."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அடி அடியாகப் பைப்பை மோப்பம் பிடித்து எத்தனையோ தெருவில் தேடியவளின் காலடியிலேயே ஓட்டை இருந்திருக்கிறது. அவள் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறாள். நான்தான் குடை, சோப்பு, மூச்சு என்று ஒவ்வொன்றின்மேலும் பழியைப் போட்டேன்.

"அப்பவே முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எப்படிச் சொல்ல? எட்டு மணிக்குக் காப்பி கொடுத்தா எழுந்திருக்கிற மனுஷன் பதினோரு நாள் அஞ்சு மணிக்கு எழுந்தீங்க. யாருக்காக? சொன்னா உங்க முகம் வாடிடும். சொல்லாம விட்டா வண்டி நின்னுடும். அதான், ரெண்டும் ஆகாம பாத்துக்கிட்டேன்."

ஊரில் எத்தனையோ பேர் கணவனின் தப்பைக் கண்டுபிடிக்கிறார்கள். கண்டுபிடித்ததைச் சரிசெய்துவிட்டு, அவன் மூன்று நாள் மீசையை முறுக்கிக்கொண்டு திரியட்டும் என்று விட்டு வைக்கிறவள் எத்தனை பேருக்கு வாய்ப்பாள்? எந்த ஜென்மத்தில் செய்த புண்ணியமோ, எனக்கு வாய்த்தாள். அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு முந்தானையைச் சரிசெய்தாள்.

"மெக்கானிக் வீட்டுக்கே வந்தாரா?" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இல்லையே. நான்தான் ஓட்டிட்டுப் போனேன்."

"உனக்கு... ஓட்டத் தெரியுமா?"

"டிரைவர் லீவு போடற அன்னிக்கெல்லாம் ஆபீஸ் ஜீப்பை யார் ஓட்டறதுன்னு நெனச்சீங்க? அஞ்சு வருஷமாச்சு. நீங்க கேக்கவே இல்லை."

மணி எட்டு ஐம்பது. அவள் இறங்கினாள். சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து, கதவைத் திறந்து, சாவிக்குக் கை நீட்டினாள். நான் சாயங்காலம் வரை காத்திருப்பதற்காகப் பின்சீட்டில் ஒரு தலையணையும் போர்வையும் கொண்டு வந்திருந்தேன்.

"இனிமே தினமும் நான் பாத்துக்கறேங்க. உங்க மேனேஜர்கிட்ட அரைநாள் லீவுதான்னு சொல்லிட்டேன். பத்தே முக்காலுக்குக் கீழ போற பஸ் இருக்கு. சில்லறை உங்க சட்டைப் பையில வெச்சிருக்கேன்."

தொட்டுப் பார்த்தேன். இருந்தது.