லெவல் காகுவின் பத்துக் குண்டுகள்

யாராவது ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தால், அவர் பின்னால் நின்றுகொண்டு அதை இன்னும் நன்றாக எப்படிச் செய்யலாம் என்று சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த வேலை எனக்குத் தெரியாது என்பது ஒரு பொருட்டே இல்லை. வங்காளத்தில், சால்ட் லேக் பக்கம் ஒரு கம்பெனியில் என் உத்தியோகமே அதுதான்: மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் தப்பு கண்டுபிடிப்பது. (நீயே ஒரு வரி எழுது என்றால் அன்றைக்கு எனக்கு ஜுரம்.) வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. யார் வீட்டுக்குப் போனாலும், சுவரில் சாய்ந்து தொங்கும் படத்தை நிமிர்த்திவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவேன். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் மாலை போட்ட படத்தையே நிமிர்த்தியிருக்கிறேன். அன்று வீடு வந்து சேரும்வரை என் மனைவி உமா என்னோடு பேசவில்லை.

இப்படிப்பட்டவனுக்கு ரைஃபிள் சுடுகிற பெண் வாய்த்தாள்.

தாரா அப்போது ஒன்பதாம் வகுப்பு. லேக் கார்டன்ஸில் எங்கள் ஃப்ளாட். பாலிகஞ்சில் ஒரு பழைய ரைஃபிள் கிளப்பில், பள்ளித் தோழி துலியோடு சேர்ந்து ஏர் ரைஃபிள் கற்றுக்கொள்ளப் போனாள். எங்கள் வம்சத்தில் அதுவரை கொசு பேட் தவிர வேறு ஆயுதத்தை யாரும் ஏந்தியதில்லை. பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை, அதில் ஒரு கறுப்பு வட்டம், வட்டத்தின் நடுவில் கடுகை விடச் சின்னதாக ஒரு புள்ளி. புள்ளியில் பட்டால் பத்து மார்க். பெற்றோர் உட்காரப் பின்னால் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். அந்த பெஞ்சைப் போட்டவர்களுக்கு என்னைத் தெரியாது, பாவம்.

முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். தாராவின் துப்பாக்கி அவள் கன்னத்துப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கோச் மௌஷுமி தியிடம் போய்ச் சொன்னேன். (வங்காளியில் தி என்றால் அக்கா, தா என்றால் அண்ணா. என்னைவிடப் பத்து வயது சின்னவர் என்றாலும் அக்காதான்.)

“இருக்கட்டும். அவளுக்கு அதுதான் வசதி. எப்பவும் ஒரே மாதிரி சாய்ச்சா போதும்” என்றார்.

எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்து, ஆபீஸ் வேலையைத் தவிர மற்றதெல்லாம் படித்தேன். விஷயம் இதுதான்: பறக்கிற குண்டு கீழே இறங்கும். அதற்காகக் குழலைத் துளி தூக்கி இருக்கும்படி வைத்திருப்பார்கள். துப்பாக்கியைச் சாய்த்தால் அந்தத் தூக்கல் பக்கவாட்டில் போய்விடும், குண்டு சாய்ந்த பக்கமாக, கீழே போய் விழும். ஆகவே துப்பாக்கி மட்டமாக இருக்க வேண்டும். இதை நான் ஆபீஸில் சொன்னேன், எங்கள் லிஃப்ட்காரரிடம் சொன்னேன், சென்னையில் இருக்கும் மாமியாரிடம் ஃபோனில் சொன்னேன். “துப்பாக்கியா? மாப்பிள்ளைக்கு ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையாடி?” என்று அவர் உமாவைத் தனியாக விசாரித்தார்.

அதற்குப் பிறகு பெஞ்சிலிருந்து ஒரே மந்திரம்தான். “தாரா, லெவல்! லெவல்!” சில வாரங்களில் அங்கே இருந்த குழந்தைகள் எனக்கு ‘லெவல் காகு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். (இங்கே சித்தப்பா வயசு ஆசாமிகள் எல்லாருமே காகுதான்.) நான் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

துலியின் அப்பா சான்யால் பாபு வேறு ரகம். வருவார், பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரிப்பார், இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிடுவார். துலி என்னவோ தாராவை விட நன்றாகச் சுடுவாள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

“நீங்க துலிக்கு ஒண்ணுமே சொல்றதில்லையா?” என்று வங்காளியில் கேட்டேன்.

“சொல்வேனே. முடிஞ்சப்புறம் ‘வீட்டுக்குப் போகலாமா’ன்னு கேப்பேன்” என்றார்.

துர்கா பூஜை விடுமுறை முடிந்து கிளப்புக்குள்ளேயே ஒரு பயிற்சிப் போட்டி வைத்தார்கள். ரேஞ்ச் முழுக்க நிசப்தம். தாரா மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரலை விசையில் வைத்திருந்தாள். குழல் சாய்ந்திருந்தது. பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. “சாயறதுடி!” என்று கத்திவிட்டேன். குண்டு கறுப்பு வட்டத்துக்கு வெளியே போய் விழுந்தது. நடுவராக இருந்தவர் என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார்.

திரும்பும்போது காரில் லேக் தாண்டியதும் தாரா சொன்னாள்: “அப்பா, டிஸ்ட்ரிக்ட் மேட்சுக்கு நீ வராதே.”

“ஏன்டி?”

“நான் மூச்சைப் பிடிச்சா காதுல உன் குரல் கேக்கறது. நீ பேசாம இருக்கற அன்னிக்கும் கேக்கறது.”

எனக்குச் சுருக்கென்றது. என் பெண் முதல்முதலாக ஒரு பெரிய போட்டியில் போய் நிற்கும்போது நான் அங்கே இருக்கக் கூடாதா? அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். “நான் சொல்றது சயின்ஸ்டி! லெவலா பிடிச்சா யார் வேணா பத்து அடிக்கலாம்” என்றேன்.

முன் சீட்டிலிருந்து உமா திரும்பினாள். “அப்படியா? ஆண்டு விழால பேரன்ட்ஸ் மேட்ச் இருக்காமே. நீங்களே அடிச்சுக் காட்டுங்கோ.”

அங்கேயே ஒப்பந்தம் ஆயிற்று. பெற்றோர் போட்டியில் நான் சான்யால் பாபுவை ஜெயித்தால், டிஸ்ட்ரிக்ட் மேட்சுக்குப் போகலாம், பெஞ்சில் உட்காரலாம், தாரா என் பேச்சைக் கேட்டு லெவலாகச் சுடுவாள். தோற்றால் நான் இனிமேல் ரேஞ்ச் வாசலை மிதிக்கக் கூடாது. எதிராளியாக சான்யாலைத் தேர்ந்தெடுத்தது நான்தான். தூங்குகிற மனுஷனை ஜெயிக்க முடியாதா என்ன?

லேக் மார்க்கெட் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் விரல் நீளத்தில் ரசமட்டம் ஒன்று வாங்கினேன். கொத்தனார்கள் வைத்துப் பார்ப்பார்களே, உள்ளே பச்சைத் தண்ணீரில் ஒரு குமிழி ஓடும், அதேதான். அதைத் தரை துடைக்கிற மாப்பின் கொம்பில் கட்டி, ஹாலில் நின்று சுவர்க் கடிகாரத்தைக் குறி பார்த்துப் பழகினேன். ஓய்ந்த நேரத்தில் ரசமட்டத்தை அடுப்பின் மேல், ஃப்ரிட்ஜின் மேல், சாமி அலமாரியின் மேல் வைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எதுவுமே மட்டமாக இல்லை என்ற கசப்பான உண்மை தெரிய வந்தது.

“கிரைண்டரையும் நிமிர்த்திடுங்கோ. மாவு சாஞ்சே அரைபடறது போலிருக்கு” என்றாள் உமா. நிமிர்த்தினேன். அதற்குப் பிறகு அது ஓடவில்லை.

ஆண்டு விழா ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை. குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாகப் பெற்றோர் கூட்டம். ஒரு மேஜையில் புது வெல்லம் போட்ட சந்தேஷ் இனிப்பு பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. சுடுகிறவர்கள் போடும் விறைப்பான கோட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். யாரோ ஒரு பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தைத்தது. மௌஷுமி தி பட்டனைப் போட்டுவிட்டு, “மூச்சை ரொம்ப இழுக்காதீங்க, சேகர் தா. தையல் விட்டுடும்” என்றார். இடது கண்ணை மறைக்க ஒரு பட்டை கட்டினார்கள். துப்பாக்கியைத் தாங்க, பெற்றோர் மேல் இரக்கப்பட்டு, ஆளுக்கொரு ஸ்டாண்டும் வைத்திருந்தார்கள்.

எனக்கு நாலாம் நம்பர் லேன், எதிரே அதே நம்பர் போட்ட அட்டை. பக்கத்தில் ஐந்தில் சான்யால் பாபு.

“இதுல குண்டு எந்தப் பக்கமா வரும்?” என்று அவர் கேட்டார். மௌஷுமி தியின் முகம் வெளுத்துப்போயிற்று. நான் பெருந்தன்மையோடு சான்யாலுக்குக் குண்டு இறங்குவது, குழல் தூக்கல், சாய்வின் விளைவு எல்லாவற்றையும் விளக்கினேன். “கூப் பாலோ, ரொம்ப நல்லது” என்று சொல்லி, சந்தேஷ் மேஜையைப் பார்த்தார்.

என் ரசமட்டத்தைப் பார்த்து மௌஷுமி தி சிரித்தார். “இன்னிக்கு விளையாட்டுக்குத்தானே. எதை வேணும்னாலும் ஒட்டிக்குங்க” என்று சொல்லிவிட்டு, விதிகளை அறிவித்தார். நேரம் இல்லாததால் ஒவ்வொரு குண்டுக்கும் அட்டையை இழுத்துப் பார்க்கக் கூடாது. ஆளுக்குப் பத்துக் குண்டு, ஒரே அட்டை, முடிந்ததும் அவரே எடுத்துவந்து மார்க் சொல்வார்.

ஆரம்பித்தோம். துப்பாக்கியின் மேல் ஒட்டிய ரசமட்டத்தில் குமிழி என் சொல் பேச்சைக் கேட்கவில்லை. இடது பக்கம் ஓடியது. காலைக் கொஞ்சம் நகர்த்தினேன், நடுவுக்குக் கிட்டே வந்தது. இன்னும் கொஞ்சம் நகர்த்தி, ஸ்டாண்டையும் திருப்பினேன், இன்னும் கிட்டே வந்தது. கடைசியில் உடம்பை ஒரு தினுசாகத் திருப்பி நின்றபோது குமிழி நட்ட நடுவில் வந்து உட்கார்ந்தது. மூச்சு விடவே பயமாக இருந்தது. பின்பக்கத்துத் துளை வழியாகப் பார்த்தேன். கறுப்பு வட்டம் பளிச்சென்று தெரிந்தது. அந்தத் துளைக்குள் வட்டம் மட்டும்தான் தெரியும், அதற்கு மேலே எழுதியிருக்கிற லேன் நம்பர் தெரியாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல நான் யாருக்கும் இடம் கொடுத்ததும் இல்லை.

சுட்டேன். குமிழியைப் பார்த்தேன். மறுபடி சுட்டேன். பக்கத்தில் சான்யால் ஒவ்வொரு தடவையும் “துர்கா, துர்கா” என்று சொல்லி இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு சுட்டார். அவருடைய குண்டுகள் பின்சுவரில் எங்கெங்கோ போய் மோதுகிற சத்தம் கேட்டது. பத்தையும் சட்டென்று முடித்துவிட்டுச் சந்தேஷ் சாப்பிடப் போய்விட்டார். நான் நிதானமாக முடித்தேன். கோட்டைக் கழற்றும்போது தாரா வந்து, “செம ஸ்டெடியா இருந்தே, பா” என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், என் சம்பள உயர்வுகள் எதுவும் எனக்கு அந்த சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

மௌஷுமி தி அட்டைகளோடு வந்தார். ஐந்தாம் நம்பர் அட்டையைப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார், லென்ஸ் வைத்துப் பார்த்தார். பத்துக் குண்டும் கறுப்பு வட்டத்துக்குள். அதில் நாலு நடுப்புள்ளியிலேயே.

“சான்யால் தா! இத்தனை நாள் எங்கே ஒளிச்சு வெச்சிருந்தீங்க?”

சான்யாலுக்கு வாய் நிறைய சந்தேஷ். விழுங்கிவிட்டு, “நான் கண்ணை மூடிக்கிட்டு இல்ல சுட்டேன்!” என்றார். கூட்டம் அதைத் தன்னடக்கம் என்று நினைத்துக் கை தட்டியது.

அடுத்தது நாலாம் நம்பர். அட்டை புத்தம் புதிதாக இருந்தது. மௌஷுமி தி அதைத் திருப்பிப் பார்த்தார், விளக்கில் காட்டிப் பார்த்தார். ஒரு கொசு கடித்த அளவுக்குக்கூட ஓட்டை இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நிமிஷம் எனக்கு இரண்டு வழிதான் இருந்தது. பத்துக் குண்டில் ஒன்றுகூட அட்டையில் படாத குருடன் என்று பேர் வாங்கலாம். இல்லாவிட்டால், அடுத்தவன் அட்டையில் சுட்ட முட்டாள் என்று பேர் வாங்கலாம். புத்தியுள்ளவனாக இருந்தால் ஒரு சந்தேஷை வாயில் போட்டுக்கொண்டு மூடிக்கொண்டிருப்பான். நான், “அந்த ஓட்டையெல்லாம் என்னோடது!” என்று கத்தினேன்.

எல்லாரும் என் லேனைத் திரும்பிப் பார்த்தார்கள். துப்பாக்கி ஸ்டாண்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. குழல் நேராக ஐந்தாம் நம்பரைக் காட்டியது. மேலே ரசமட்டத்தில், குமிழி அப்போதும் நட்ட நடுவில்.

ரேஞ்சே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. மௌஷுமி தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அடுத்தவங்க அட்டையில சுட்டா ஜீரோதான், சேகர் தா, அது விதி. ஆனா லெவல்னா இதுதான் லெவல்” என்றார். சான்யால் தனக்குக் கிடைத்த வெற்றிக் கோப்பையை என்னிடம் நீட்டினார். அவருடைய அட்டையில் பத்து ஓட்டை இருந்தால் கோப்பை அவருக்குத்தான் என்று குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். தாரா சிரித்துச் சிரித்து முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“உன் கார்டு எதுன்னு ஒரு தடவையாவது பாத்தியா, பா?”

“லெவல் சரியாத்தான் இருந்தது” என்றேன்.

டிஸ்ட்ரிக்ட் மேட்ச் அன்று ஒப்பந்தப்படி நான் உள்ளே போகவில்லை. எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, மண் கப்பில் டீ மேல் டீயாகக் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் சான்யாலும் வெளியே வந்துவிட்டார். உள்ளே பெஞ்சில் சாய முடியவில்லையாம். அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார், நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இல்லாத குறை தாராவின் மார்க்கில் துளியாவது தெரியும் என்று உள்ளூர ஒரு ஆசை. தெரியவில்லை. அதுவரை அவள் அப்படிச் சுட்டதே இல்லை. துப்பாக்கி சாய்ந்துதான் இருந்தது என்று உமா வந்து சொன்னாள். தாரா ரோட்டைத் தாண்டி நேராக என்னிடம் ஓடிவந்து அட்டையைக் காட்டினாள். அதுவே போதும் என்று சொன்னால் அழகாக இருக்கும். போதவில்லை. உள்ளே இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அன்று முதல்தடவையாக நான் ஒன்றும் சொல்லவில்லை. “வீட்டுக்குப் போகலாமா?” என்று மட்டும் கேட்டேன்.

அந்த நாலாம் நம்பர் அட்டையை உமா கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டிவிட்டாள். தாரா வேண்டுமென்றே அதை இடது பக்கம் சாய்த்து வைத்திருக்கிறாள். நான் அதைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். போன மாதம் சென்னையிலிருந்து உமாவின் பெரியப்பா பிள்ளை வந்திருந்தார். அவருக்கும் என் வியாதிதான் போலிருக்கிறது, உட்காருவதற்கு முன்பே படத்தை நிமிர்த்தக் கையை நீட்டினார்.

“அதைத் தொடாதீங்கோ!” என்று நான்தான் பாய்ந்து தடுத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். “என்ன மாப்ளே, இதுல ஒரு வட்டத்தைத் தவிர ஒண்ணுமே இல்லையே?”

உள் ரூமிலிருந்து தாராவின் குரல் வந்தது. “நன்னா பாருங்கோ மாமா. அப்பா அதுல பத்து தடவை சுட்டிருக்கார்.”