பெருவிரல் வைத்த இடம்

மினுங்குவதெல்லாம் சுத்தம் என்று நம்புகிற மனிதனைப் பழைய பொருட்களுக்குப் பக்கத்தில் தனியாக விடக்கூடாது. இதை அடித்துச் சொல்வேன். ஏனென்றால் 2012இல், சுவிஸின் ஓல்டன் நகரில், அப்படித் தனியாக விடப்பட்டவன் நான்தான்.

எட்டாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உறவு முறிந்தது. பிறகு கொழும்பு, மாஸ்கோ, போலந்தில் ஒரு லொறிக்குள் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் சில நாட்கள் (வெங்காயம் குளிருக்கு நல்லது, கண்ணுக்குத்தான் ஆகாது), கடைசியில் சுவிஸ். இங்கேயும் ஓரிடத்தில் நின்றதில்லை. கோப்பை கழுவினேன், டீட்டிகோனில் பெட்டி அடுக்கினேன், பிறகு ஒரு துப்புரவு நிறுவனத்தில் சேர்ந்தேன். அந்த மாதம் என் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். கையில் வேலை இல்லாவிட்டால் அது சிக்கலாகிவிடும்.

“இந்த முறையாவது வாயையும் கையையும் அடக்கிக்கொண்டு இருங்கோ” என்று மனைவி வசந்தி சொல்லித்தான் அனுப்பினாள்.

வாயை அடக்கினேன்.

லண்டனில் ஒலிம்பிக் நடக்கவிருந்த வருடம் அது. அந்தச் சூட்டோடு ஓல்டனில் ஒரு சிறிய விளையாட்டுக் கழகம் 1928ஆம் ஆண்டைப் பற்றிக் கண்காட்சி வைத்தது. அந்த வருடம் குளிர்கால ஒலிம்பிக் இங்கே சாங்க்ட் மோரிட்சிலும், கோடைகால ஒலிம்பிக் ஆம்ஸ்டர்டாமிலும் நடந்தனவாம். மண்டபத்தைத் துடைக்க என்னை அனுப்பினார்கள்.

துடைக்கப் போனவன் படம் பார்க்கத் தொடங்கினேன். ஒரு படத்தில் ஒரு மனிதன் சின்னச் சறுக்குப் பலகையில் குப்புறப் படுத்து, தலை முன்னால் போக, பனிச்சரிவில் இறங்கிக்கொண்டிருந்தான். (நான் லொறியில் வந்தது எவ்வளவோ மேல்.) இன்னொரு படத்தில் மற்ற நாட்டுக்காரர்களோடு ஜெர்மன்காரர்கள். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு அவர்களை அந்த வருடம்தான் திரும்பவும் விளையாட்டில் சேர்த்தார்களாம். தங்களுக்குள் அடிபட்டவர்கள் இவ்வளவு சீக்கிரம் ஒன்றாக நின்று படம் எடுப்பார்களா என்று துடைப்பத்தை ஊன்றியபடி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்காட்சியை நடத்தியவர் திரு ஸ்டூடர், ஓய்வுபெற்ற ரயில் சாரதி. அவருடைய அப்பா சாங்க்ட் மோரிட்சுக்குப் போனவர் என்றதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“அப்பா ஓடினாரா?” என்று என் உடைந்த ஜெர்மனில் கேட்டேன்.

“இல்லை. பனித்தரையைக் கூட்டினார்.”

எனக்குப் புல்லரித்தது. ஒலிம்பிக்கில் எங்கள் ஆள்!

“நடுவில் சூடான காற்று வந்து பனித்தரை தண்ணீராகிவிட்டது. பத்தாயிரம் மீட்டர் சறுக்கோட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள்” என்றார்.

“அப்படியென்றால் வென்றது யார்?”

“யாருமில்லை. இன்றுவரை யாருமில்லை. அப்பா சாகும்வரை அது தன் பிழை என்றே நினைத்தார்.”

அந்த அப்பாவுக்கு அங்கே ஒரு ஹோட்டல்காரர் நன்றியாகக் கொடுத்த வெண்கலப் பதக்கம் மேசையில் இருந்தது. உள்ளங்கை அகலம், காப்பி நிறம். நடுவில் மட்டும் ஒரு சின்ன இடம் மினுங்கியது. முன்பு துடைத்தவன் அந்த இடத்தோடு களைத்துப்போய் விட்டுவிட்டான் என்று முடிவு செய்தேன். ஒலிம்பிக்கில் கூட்டிய மனிதனுக்கு இந்த அவமரியாதையா?

வசந்தி வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து ஊரான திரிம்பாக்கின் கோயிலில் விளக்கு மினுக்குகிறவள். அன்று வீட்டில் அவளிடம் பழப்புளி கேட்டேன்.

“என்னத்துக்கு?”

“வேலையிலை ஒரு சாமானை மினுக்க.”

“அவங்கள் மருந்து தாறேல்லையோ?”

“அவங்கடை மருந்து கண்ணாடிக்குத்தான் சரி.”

அவளும் புளியோடு உப்பும் கட்டித் தந்தாள்.

மறுநாள் ஸ்டூடர் மதியம் சாப்பிடப் போன நேரம் பார்த்துத் தேய்த்தேன். எப்படித் தேய்த்தேன்! சூரன் போர் அன்று கோயில் விளக்குக்கூட அப்படி மினுங்கியிருக்காது. மேசையில் வைத்துவிட்டு, பாராட்டுக்காகப் பக்கத்திலேயே நின்றேன்.

அவர் வந்தார். பதக்கத்தை எடுத்தார். திருப்பினார். பிறகு பெருவிரலை நடுவில் வைத்துத் தேடினார்.

“எங்கே அது?”

“எது?”

“அப்பாவின் பெருவிரல்.”

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வானொலி கேட்டபடி அப்பா அந்த ஓரிடத்தையே பெருவிரலால் தடவிக்கொண்டிருப்பாராம். ஆயுள் முழுக்கத் தடவித்தான் அந்த இடம் மினுங்கியதாம். இந்தக் கதை பெரிய எழுத்தில் சுவரில் கண்ணாடிக்குள் தொங்கியது. அந்தக் கண்ணாடியையும் நான்தான் துடைத்திருந்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. கதிரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“புளி கேட்டது இதுக்கோ? போச்சு, பெர்மிட்டும் போச்சு!” என்று அன்றிரவு வீட்டில் நடந்ததைக் கேட்டதும் வசந்தி தலையில் கை வைத்தாள்.

அடுத்த நாள் என்னுடைய செஃப் (இங்கே முதலாளியைத்தான் அப்படிச் சொல்வோம், சமையல்காரரை அல்ல) தொலைபேசியில் அழைத்தார். “அந்த மண்டபத்துக்குப் போ, ஸ்டூடர் கூப்பிடுகிறார்” என்றார். வேலையை விட்டு நிறுத்தியதை நேரில் சொல்லப்போகிறார்கள் என்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

ஸ்டூடர் கேட்டார்: “இது திரும்பவும் கறுக்குமா?”

“கோயில் விளக்கே கறுக்கிறது. கட்டாயம் கறுக்கும்.”

“பனி உருகியது உங்கள் பிழையில்லை என்று அப்பாவிடம் எல்லோரும் சொன்னார்கள். அவர் நம்பவில்லை” என்று நிறுத்தினார். “இது உன் பிழையேதான். அதனால் நீயே வா. மற்ற இடமெல்லாம் கறுக்கட்டும். நடுவில் உன் பெருவிரலை வை.”

செஃபிடம் அவர் முறையிடவே இல்லை. ‘என் பதக்கத்துக்கு இந்த ஆள் தேவை’ என்று மட்டும் சொன்னாராம். வேலை தப்பியது. பெர்மிட்டும் வந்தது.

அன்றிலிருந்து இடைக்கிடை ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டூடர் வீட்டுக்குப் போகிறேன். எங்குமே நிலையாக நிற்காத நான் ஓல்டனை விட்டுப் போகாததற்கு அந்தப் பதக்கமும் ஒரு காரணம். அவர் காப்பி ஊற்றுவார், நான் தடவுவேன். இப்போது பதக்கம் பழையபடி காப்பி நிறம், நடுவில் ஒரு மினுக்கம். “அப்பாவின் விரல் கொஞ்சம் பெரிது” என்று ஒவ்வொரு முறையும் குறை சொல்வார்.

வீட்டில் சட்டி கழுவுவது இப்போது என் வேலை. எங்காவது கொஞ்சம் அழுக்கு மிஞ்சியிருந்தால் போதும், வசந்தி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பாள்.

“ஏனப்பா, இதிலை ஆரின்ரை பெருவிரலை விட்டு வைச்சிருக்கிறியள்?”