சிவப்பு விளக்கில் நாற்பத்தேழு நிமிடம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

இங்கு யாவரும் நலம், என் முழங்கால் நீங்கலாக. அங்கும் அப்படியே இருக்கும் என்று நம்பி மேற்கொண்டு எழுதுகிறேன். உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதாகவும், வீட்டில் பொழுது நகரவில்லை என்றும், பாதியில் நிற்கும் வீடியோ கேம்களைச் சம்பளமில்லாமல் சோதித்துக் கொடுக்கும் தன்னார்வலராகச் சேரலாமா, அதில் ஏதாவது பிரயோசனம் உண்டா என்றும் கேட்டிருந்தாய். நாலு மாதமாக அதே வேலையில் இருக்கிற அத்தானைக் கேட்பது முறைதான். பதில் ஒரே வார்த்தை: சேராதே. காரணத்தைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் எங்கள் வீட்டில் ஹாலில் பேசினால் சமையலறையில் கேட்கும், சமையலறையில் உன் அக்கா இருக்கிறாள், அவள் என்னோடு பேசி இன்றோடு மூன்று நாளாகிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. 'கார் ஓட்டும் விளையாட்டு ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது, ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல ஆட்கள் தேவை, முன் அனுபவம் தேவையில்லை' என்று பேப்பரில் ஒரு விளம்பரம். அனுபவம் தேவையில்லை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தொரு வருஷம் டிரைவிங் லைசென்ஸுக்கு வருகிறவர்களுக்கு டெஸ்ட் வைத்த அதிகாரி நான், இந்த ஊரில் பாதிப்பேர் என்னைப் பார்த்தால் தெருவின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவார்கள், என்னைப் பார்த்து அனுபவம் வேண்டாம் என்கிறானே என்று ரோஷம் வந்து விண்ணப்பம் போட்டுவிட்டேன். அவர்களும் ஒரு ஸ்டியரிங்கும் பெடலும் அனுப்பிவைத்தார்கள். ஸ்டியரிங்கை முடுக்கி மாட்டுகிற அளவுக்குக் கனமான மேஜை எங்கள் வீட்டில் ஒன்றுதான், அதில்தான் சாப்பிடுவோம். அன்று முதல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். பெடல் மேஜைக்கு அடியில். உன் அக்கா காய் நறுக்க உட்கார்ந்து காலை நீட்டினால் போதும், திரையில் வண்டி சீறிக்கொண்டு கிளம்பி ஏதாவது ஒரு கடைக்குள் போய் நிற்கும். "உங்க வண்டி, நீங்க பாத்துக்குங்க" என்று அவள் பாட்டுக்கு நறுக்கிக்கொண்டிருப்பாள்.

முதல் நாள் நான் வண்டியையே எடுக்கவில்லை. சீட் பெல்ட் இல்லை. 'பெல்ட் இல்லாமல் வண்டியைக் கிளப்ப முடியாது' என்று புகார் எழுதி அனுப்பிவிட்டு மேஜையை விட்டு எழுந்துவிட்டேன். மறுநாள் பெல்ட் போட்டுக் கொடுத்தார்கள், கிளம்பினேன். முதல் முக்கில் சிவப்பு விளக்கு. நிறுத்தினேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், விளக்கு மாறுகிற வழியாக இல்லை. பின்னால் வந்த வண்டியெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடுக்கு வீடு மாதிரி நிற்கிறது. என் பொறுமையைச் சோதிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நானும் கியரில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தேன். உன் அக்கா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். "சிக்னல் விழட்டும், வர்றேன்" என்றேன். மொத்தம் நாற்பத்தேழு நிமிஷம். அப்புறம் எழுதிப் போட்டேன். தன்னார்வலர்களைக் கவனிக்கிற அம்மாள் ஒருத்தி உடனே பதில் போட்டாள்: அந்த விளக்கு பச்சைக்கு மாறாது, அது கோளாறு, நானூறு பேர் ஐந்து மாதமாக ஓட்டியும் ஒருவர்கூடச் சொல்லவில்லை, ஏனென்றால் ஒருவர்கூட நிற்கவில்லை! வரிக்கு வரி ஆச்சரியக்குறி. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தக் கடிதத்தைத் தாளில் அச்செடுத்து அலமாரிக் கதவில் ஒட்டினேன்.

அங்கேதான் புத்தி கெட்டுப்போனது. விட்டேனா? ஆபீஸில் வைத்திருந்த டெஸ்ட் ஃபாரம் மாதிரியே கோடு போட்டு நானே தயார் பண்ணி, கண்ணாடி சரிசெய்தல், கைகாட்டுதல், திரும்புதல் என்று ஒவ்வொன்றாக மதிப்பெண் போட்டேன். இருபத்தாறு பக்கம். கடைசியில் விளையாட்டையே ஃபெயிலாக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த அம்மாள் எல்லோருக்கும் காட்ட ஓட்டி அனுப்பிய ஒரு வீடியோவைப் பார்த்து, அவளையும் ஃபெயிலாக்கினேன். அதற்கு அவள் கொஞ்சமும் கோபப்படாமல் எழுதினாள்: ஐயா, நீங்கள் ஒழுங்காக ஓட்டினால் எங்களுக்கு ஒன்றும் தெரியவராது, தயவுசெய்து சுவரில் மோதுங்கள், எதிர்த்திசையில் போங்கள், பாலத்திலிருந்து விழுந்து பாருங்கள். மச்சான், சத்தியமாக முயற்சி பண்ணினேன். சுவரைப் பார்த்து வேகமாகப் போவேன், பக்கத்தில் வந்ததும் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். ஒரே தெருவில் நாற்பது தடவை. நாற்பது தடவையும் சுவருக்கு முன்னால் அழகாக நிறுத்தினேன்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த உன் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நகருங்க" என்றாள். பதினோரு நிமிஷம்தான். பின்பக்கமாகவே ஓட்டி ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஏற்றினாள், ஆற்றில் இறக்கினாள், ஆற்றுக்கு அடியில் ரோடு மாதிரி ஓட்டிக்கொண்டு போனாள், அங்கே எதிலோ இடித்து வண்டி ஆகாயத்திலிருந்து விழுந்தது. பதினான்கு கோளாறு! அத்தனையும் புதிசு! விழுந்து விழுந்து சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் வருகிறது. எங்கள் வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று தெரியுமா?

உனக்குத் தெரியும், அவளுக்கு முதலில் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நீதானே. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடை முழுக்க உன் பழைய வண்டியில் அவளுக்கு ஓட்டப் பழக்கி, டெஸ்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாய். அன்றைக்கு டூட்டியில் நான். வேறு ஆளை எடுக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெண்டாட்டிக்குச் சலுகை காட்டினான் என்று ஒருத்தன் சொல்லிவிடக் கூடாதே என்று, மற்றவனாயிருந்தால் எச்சரித்து விட்டுவிடுகிற ஒரு சின்னத் தப்புக்கு அவளை ஃபெயிலாக்கினேன். அதுவும் வரிசையில் நின்ற எட்டுப் பேர் முன்னால், "தேறவில்லை, அடுத்த ஆள்" என்று அந்த ஆபீஸ் குரலில். அவள் பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள், சாயங்காலம் எனக்கு காபி கொடுத்தாள். நீதான் ஒரு வருஷம் என் முகத்தில் முழிக்கவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ தடவை, வாயேன், மறுபடி டெஸ்ட் கொடேன் என்று கேட்டிருக்கிறேன். "பஸ்தான் இருக்கே" என்பாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

அப்படிப்பட்டவள் தினம் காலையில் வேலையை முடித்துவிட்டு ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு, அவள் சொல்வதை எழுதிக்கொள்கிற குமாஸ்தா. நடுநடுவே ஒழுங்காகவும் ஓட்டினாள். "ரெண்டு வண்டிக்கு நடுவுல எப்படிங்க நிறுத்தறது?" என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். கற்பூரம் மாதிரி பிடிச்சுக்கிட்டா மச்சான்! எனக்குள்ள ஒரே சந்தோஷம். போன சனிக்கிழமை ஊரை ஒரு சுற்றுச் சுற்றி ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து நிறுத்தினாள். நான் இருந்த சந்தோஷத்தில், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "தேறிட்டே!" என்று சொல்லித் தொலைத்தேன். அதே ஆபீஸ் குரலில் வந்துவிட்டது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், கம்ப்யூட்டரை அணைத்தாள், எழுந்து போய்விட்டாள். அதோடு சரி. சாப்பாடு வருகிறது, காபி வருகிறது, பேச்சு மட்டும் வரவில்லை. மத்தியானம் ஆனால், ஒரு மாதமாக நடக்கிறபடியே, தையற்கடைக்கு என்று கிளம்பிப் போய்விடுகிறாள்.

இப்போது சொல், இது பிரயோசனமா? காசு கிடையாது. விளையாட்டு என்று பேர், விளையாட முடியாது, நொண்டுகிற இடத்தையே திரும்பத் திரும்ப நோண்ட வேண்டும். எல்லாம் சரியானதும் நாம் யாரென்று கூடக் கேட்க மாட்டார்கள். அதோடு, ஆறிப்போயிருக்கும் என்று நினைத்திருந்ததை எல்லாம் கிளறிவிடுகிறது. எனக்கு அவகிட்ட மன்னிப்புக் கேட்கணும் மச்சான். அன்னிக்கு நான் பண்ணினது நேர்மை இல்லை, பயம். நாலு பேர் என்ன சொல்வாங்களோங்கற பயம். இதை அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. பேனா இருந்தால்தான் எனக்கு வார்த்தை வருகிறது. நீ பக்குவமாக அவளுக்குப் போன் பண்ணி, அத்தான் ரொம்ப வருத்தப்படுகிறார் என்று உன் வார்த்தையில் சொல். நான் எழுதினேன் என்று மூச்சு விடாதே. நீ அந்த வேலையில் சேராதே, சேராதே, சேராதே.

உன் மனைவிக்கு என் அன்பும், பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று நீடு வாழ என் ஆசிகளும். இறைவன் உனக்கு வேறு நல்ல பொழுதுபோக்கைக் காட்டட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்

பி.கு.: மேலே எழுதியது எல்லாம் ரத்து. இன்றைக்கே சேர்ந்துவிடு. கடிதத்தைத் தபாலில் போடாமல் பேப்பருக்கு அடியில் வைத்துவிட்டேன், உன் அக்கா எடுத்துப் படித்துவிட்டாள். காலையில் என் முன்னால் வந்து நின்று, "என்கிட்ட சொல்ல வேண்டியதை என் தம்பிக்கு எதுக்கு எழுதறீங்க?" என்றாள். சொன்னேன் மச்சான். பேனா இல்லாமல் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டு, "சரி, சட்டையப் போடுங்க, பத்து மணிக்கு எனக்கு டெஸ்ட்" என்றாள். ஒரு மாதமாகத் தையற்கடை இல்லையாம், டிரைவிங் ஸ்கூலாம். மூன்று நாளாகப் பேசாதது கோபமில்லையாம், பரீட்சைப் பயமாம். என் பழைய ஆபீஸ் வேலிக்கு வெளியே, உள்ளே போனவர்களுக்காகக் காத்திருக்கிற கூட்டத்தில் நின்றேன். அங்கே நின்றால் ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று முப்பத்தொரு வருஷத்தில் எனக்குத் தெரியாது. தேறிவிட்டாள். வெளியே வந்தவள் நான் ஓட்டிக்கொண்டு வந்த எங்கள் காரின் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "ஏறுங்க" என்றாள். பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வீடு வந்து சேருகிறவரை அவளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன் மச்சான், ரோட்டைப் பார்க்கவே இல்லை.