நல்ல தண்ணிக் கிணறும் பிரதேச சபையின் புதுக் கோடும்

அன்பும் மதிப்பும் மிக்க அண்ணை அவர்கட்கு,

தம்பி பரமலிங்கம் எழுதிக்கொள்வது. இவ்விடம் கிணற்றைத் தவிர யாவரும் நலம். கனடாக் குளிரில் தங்களதும் அண்ணியினதும் முழங்கால்கள் எப்படி என்று அறிய ஆவல். வட்சப்பில் கதைத்தால் என் மனைவி செல்வநாயகி பக்கத்தில் நின்று என் பேச்சைத் திருத்துவாள் என்பதால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். மகள் கஜானியின் சீதனத்துக்கென்று தாங்கள் பெருமனதோடு விட்டுத்தந்த பின்வளவுக் காணியில் வீடு ஏன் இன்னும் எழும்பவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் காரணமில்லை, விஞ்ஞானம்தான் காரணம் என்பதைத் தாழ்மையுடன் அறியத்தருகிறேன்.

எங்கள் பிரதேச சபையிடம் ஒரு பழைய வரைபடம் இருந்தது. குளத்தைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்குள் கட்டிடம் கூடாது, வெளியே என்னவும் செய்யலாம். எங்கடை வளவு வெளியிலை, ஒரு கரைச்சலும் இல்லை. இப்ப வந்த சபைக்காரர், உந்த வட்டம் ஆரோ கண்மதிப்பிலை கீறினது, இனி நிலத்துக்குக் கீழை நல்ல தண்ணி எங்கை கிடக்கெண்டு அளந்துபோட்டுத்தான் சட்டம் எண்டு சொல்லி, பல்கலைக்கழகத்திலை இருந்து தயாளினி எண்டொரு பிள்ளையைக் கூப்பிட்டினம். அந்தப் பிள்ளை உப்பளக்கிற மீற்றரும் போத்திலுமா றோட்டுக்கு அங்காலை உள்ள கிணறெல்லாம் பாத்துப்போட்டு ஸ்கூட்டியிலை வெளிக்கிட்டிட்டுது. எங்கடை கிணத்தைப் பாக்காமல் போறதெண்டா என்ன கதை அண்ணை? கோயில் திருவிழாவுக்கே தண்ணி குடுத்த கிணறு! எனக்குப் பொறுக்கேல்லை. படலைக்கு ஓடிப்போய், "பிள்ளை, கண்ட கண்ட கிணறெல்லாம் பாக்கிறியள், எங்கடையை விட்டிட்டுப் போறியளோ?" எண்டு மறிச்சுக் கூட்டிவந்தன். மீற்றர் நல்ல தண்ணி எண்டுதான் காட்டினது. அது காணாது, இன்னும் நல்லாக் காட்டும் எண்டு திருப்பியும் அளப்பிச்சன். ஆவணி வெய்யிலிலையும் வத்தாது எண்டதுக்கு செல்வநாயகியைச் சாட்சிக்குக் கூப்பிட்டன். பிறகு சபையிலை புது வரைபடம் ஒட்டினாங்கள். நேரை வந்த கோடு, எங்கடை வளவடியிலை மட்டும் பிள்ளையாற்றை வயிறு மாதிரி வளைஞ்சு, கிணத்தையும் பின்வளவையும் உள்ளுக்கை எடுத்துக்கொண்டு போகுது. முதல்தரப் பாதுகாப்பு வலயமாம். புதுசாக் கக்கூஸ் குழி வெட்டக்கூடாதாம். கக்கூஸ் இல்லாத வீட்டை ஆர் அண்ணை சீதனமா வாங்குவான்?

அதுவும் எப்பிடிப்பட்ட நேரம்! கஜானிக்குத் தீவுப் பக்கத்திலை இருந்து ஒரு கலியாணப் பேச்சுக்கால் வந்திருந்தது. பெடியன் பிரவீணன், வங்கியிலை வேலை. எங்கடை பெட்டை அவன்ரை படத்தை அடிக்கடி எடுத்துப் பாக்கிறது எனக்குத் தெரியாதே? அவளுக்காகத்தான் நான் சபைக்கு மனுப் போட்டு, திருப்பி அளக்கிறதுக்கு ஒரு நாள் வாங்கினன். தண்ணி உவரெண்டா சட்டம் இல்லை எண்டு கணக்குப் போட்டு, கடையிலை கிடந்த உப்பெல்லாத்தையும் அள்ளிக்கொண்டு வந்தன். செல்வநாயகி ஏதாவது தடுத்தவளோ? இல்லை. "கட்டி உப்புப் போடாதேங்கோ, குடிக்கிற தண்ணியெல்லோ, நல்ல பைக்கற் உப்பாப் பாத்துப் போடுங்கோ" எண்டுதான் சொன்னவள்.

நான் கிணத்துக்கை கொட்டி முடிய, மாப்பிளை வீட்டுக்காரர் நல்ல நாளெண்டு சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினா நான் என்ன செய்ய? கஜானிக்கு உப்பு விசயம் தெரியாது. அள்ளின தண்ணியிலை தேத்தண்ணி போட்டுக் குடுத்திட்டாள். பெடியனுக்குப் புரைக்கேறிப் போச்சு. தேப்பன் முகட்டைப் பாத்தார். தாய் மட்டும் ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடிச்சிட்டுக் கோப்பையை வைச்சா. அந்த நேரம் பாத்து, திருப்பி அளக்க வந்த தயாளினி கிணத்தடியிலை நிண்டு, "ஐயோ, கடல் உள்ளை வந்திட்டுது!" எண்டு கத்துது. கனக்க இறைக்கிறதாலைதான் கடல் வருகுது, சுத்தவர உள்ள வெங்காயத் தோட்டத்து மோட்டரெல்லாத்தையும் உடனை நிப்பாட்டவேணும் எண்டு சபைக்கு அறிவிச்சிட்டுது. தோட்டக்காரர் முழுப்பேரும் மண்வெட்டியோடை என்ரை படலையிலை. நல்ல சம்பந்தப் பேச்சு!

பிறகு ஆய்வுகூட முடிவு வந்தது. தயாளினி மரியாதையான பிள்ளை, குரலை உயத்தேல்லை. "ஐயா, கடல் தண்ணியிலை இவ்வளவு அயடின் வராது. இது கடை உப்பு" எண்டுது. இப்ப ஊருக்குள்ளை தலை காட்டேலாது. அதை விடுங்கோ, கஜானி என்னோடை கதைக்கிறாளில்லை. சோத்தைப் போட்டு வைச்சிட்டுப் போறாள். அதுதான் அண்ணை எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு.

ஆகையால், சபைக்குத் தெருவிளக்கு வாங்கிக் கொடுத்தவர் என்ற முறையில் தாங்கள் ஒரு வரி எழுதி, விஞ்ஞானத்தைப் பல்கலைக்கழகத்தோடு நிறுத்திப் பழைய வட்டத்தையே திரும்பப் போடும்படி கேட்டால் ஒரு பெண்பிள்ளையின் வாழ்வு துலங்கும். தாங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சர்க்கரை, பிரசர் இன்றி நீடு வாழப் பிள்ளையாரை மன்றாடும்,

தம்பி
பரமலிங்கம்

பி.கு.: அண்ணை, சபைக்கு ஒண்டும் எழுதிப்போடாதேங்கோ! உறை ஒட்டப் போகேக்கை மாப்பிளையின்ரை தாய் ஃபோன் எடுத்தவ. "நாங்கள் பிறந்ததிலை இருந்து உவர்த் தண்ணி குடிக்கிறனாங்கள். நல்ல தண்ணிக் கிணறுள்ள வீடெண்டு தரகர் சொன்னபடியால்தான் வந்தனாங்கள். உங்கடை தேத்தண்ணி எங்கடை வீட்டுத் தேத்தண்ணி மாதிரியே கிடந்தது. குறை நினைக்காதேங்கோ, இது சரிவராது" எண்டிட்டா. பிள்ளையாராணை எங்கடை தண்ணி நல்ல தண்ணி எண்டு நான் சத்தியம் பண்ணினன். "குடிச்சது நானெல்லோ" எண்டா. கடைசியிலை கஜானிதான் சபைக்கு ஓடிப்போய், தயாளினியின்ரை அறிக்கையையும் வரைபடத்தையும், உப்புப் போட்டது வீட்டுக்காரர்தான் எண்ட பந்தியையும் சேத்து, படமெடுத்து அந்தத் தாய்க்கு அனுப்பினவள். அவ சிரிச்ச சிரிப்பு ஃபோனுக்கு வெளியிலை கேட்டது. ஓமெண்டிட்டினம் அண்ணை! கஜானியும் இப்ப "அப்பா" எண்டு கூப்பிடுறாள். மாப்பிளை வீட்டாருக்குப் புது வீடும் வேண்டாமாம், இருக்கிற வீடே காணுமாம். ஒரேயொரு நிபந்தனைதான்: அந்தக் கிணத்தடியிலை ஒருத்தரும் எந்தக் குழியும் வெட்டக்கூடாதாம். சபையின்ரை சட்டமெண்டா உங்களைக்கொண்டு எழுதுவிக்கலாம். சம்பந்தியம்மாவின்ரை சட்டத்துக்கு ஆரைப் பிடிக்கிறது?