தோற்பதற்கு ஒரு தண்டு

பந்து நேராகப் போய் விழுந்தது. இன்னஸ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

பிறந்ததிலிருந்து அவன் அடித்த பந்து வலது பக்கம் வளைந்து கடலுக்குத்தான் போகும். வரும் சனிக்கிழமை அவன் காதலி எல்ஸ்பெத்தின் அப்பா ரென்னியோடு கோல்ஃப் ஆட்டம். தோற்றால் மூன்று நாள் சாப்பிடாத மனிதர்.

"அவரை ஜெயிச்சுத் தொலைச்சிடாதே. அப்புறம் நம்ம கல்யாணம் அம்பேல்," என்று எல்ஸ்பெத் சொல்லியிருந்தாள்.

சும்மா இருந்திருந்தாலே தோற்றிருப்பான். ஆனால் கோல்ஃப் மட்டை செய்யும் கடையில் வேலை பார்ப்பவனுக்குக் கை சும்மா இருக்குமா? எதற்கும் இருக்கட்டும், பந்து இன்னும் கோணலாகப் போகட்டும் என்று தன் மட்டையின் மரத்தண்டைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, பிரம்பு போல வளையும்படி இழைத்துவிட்டான்.

"என்னடா, திடீர்னு நேரா அடிக்கிறே?" என்றார் முதலாளி லோரிமர்.

"வளையற தண்டு பந்தை இடது பக்கம் இழுக்கும். என் கை வலது பக்கம் தள்ளும். ரெண்டும் சேர்ந்து நேராக்கிடுச்சு."

"நல்லதுதானே?"

"எனக்கு இல்லை."

வியாழக்கிழமை, வளையவே வளையாத தண்டு ஒன்றை மாட்டினான். உலக்கை மாதிரி இருந்தது. பந்து எழும்பவே மறுத்தது. எழும்பாததால் கடல் காற்றுக்குச் சிக்காமல், காய்ந்த புல்லில் உருண்டு உருண்டு வழக்கத்தைவிட முப்பது கஜம் தள்ளிப் போனது. லோரிமர் கைதட்டினார். இன்னஸுக்கு அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை கடைக் குப்பை மூலையில் கறுத்த தண்டு ஒன்று கிடந்தது. யாரோ வேண்டாமென்று வீசியது. இதைவிட மட்டமானது ஸ்காட்லாந்திலேயே இருக்காது என்ற நிம்மதியோடு அதை மாட்டினான்.

சனிக்கிழமை முதல் அடியே குழியில் நட்ட கொடிக்கம்பத்தருகே போய் நின்றது. ரென்னியின் பந்து முட்புதருக்குள் போனது.

"மன்னிச்சுக்கோங்க சார்."

"எதுக்குப்பா?"

அடுத்த அடியும் அப்படியே. ரென்னியின் பந்து மணலில் புதைந்தது. பதினாலாவது குழியில் இன்னஸ் துணிந்து குழியைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் திரும்பி அடித்தான். பந்து மேய்ந்துகொண்டிருந்த செம்மறி ஆட்டின் முதுகில் பட்டுத் தெறித்து, குழிக்குள்ளேயே விழுந்தது. ஆடு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தது. மீதி நாலு குழியையும் ரென்னியே ஜெயித்தாலும் எட்ட முடியாது என்பதால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது.

ரென்னி தொப்பியைக் கழற்றினார், கை குலுக்கினார், சீட்டியடித்தபடி முன்னே நடந்தார். அவருடைய மட்டைப் பையைச் சுமக்கும் கிழவர் வாட்டி மட்டும் நின்றார்.

எல்ஸ்பெத் இனி கிடைக்கமாட்டாள் என்று இன்னஸ் முடிவே கட்டிவிட்டான். "சீட்டி அடிக்கிறாரே தாத்தா. அவ்வளவு கோபமா?"

வாட்டி அவன் கையிலிருந்த மட்டையை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோபமா? 'என் பொண்ணைக் கேட்டு வந்த மூணு பேரை ஜெயிச்சே விரட்டிட்டேன், இவன்கிட்டயாவது தோத்தே தீரணும்'னு தன்னோட ராசியான தண்டைக் கழட்டி உங்க கடைக் குப்பையில போடச் சொல்லி என்கிட்டதான் கொடுத்தனுப்பினாரு, அதைத்தானே தம்பி நீ மாட்டிக்கிட்டு வந்திருக்கே."