றப்பர் கொட்டைப் புண்ணாக்கின் மகத்தான வெற்றி

நெருப்புக்குப் பிறகு மனித குலம் கண்ட பெரும் கண்டுபிடிப்பு றப்பர் கொட்டைப் புண்ணாக்குத்தான் என்பது, தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மலையகத்து யட்டவத்தையில் நிரூபணமானது. நிரூபிக்கும் பாக்கியம் கமலாட்சியின் கோழிக்கூட்டுக்குக் கிடைத்தது.

கமலாட்சி கேட்டது பாக்கியமல்ல. தீபாவளிக்குக் கோழிகள் நல்ல எடையில் விலைபோனால், மறுபடி தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்ட வேண்டியதில்லை, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்துக் கோழி அபிவிருத்தி உத்தியோகத்தர் தியாகராஜா வந்து, அவளுடைய புரொயிலர் குஞ்சுகளைச் சரிபாதியாகப் பிரித்தார். இடது கூட்டுக்கு வழக்கமான சோயாத் தீவனம். வலது கூட்டுக்கு றப்பர் கொட்டைப் புண்ணாக்கு.

"ஆறாம் கிழமை ரெண்டையும் நிறுத்துப் பார்ப்பம். இதுதான் விஞ்ஞானம்."

"இந்தப் புண்ணாக்கு செமிக்குங்களா ஐயா?"

"அதுக்குத்தான் நொதியத் தூள் வருது. ஒரு கரண்டி கலந்தால் கல்லும் செமிக்கும்."

நொதியம் வரத்தான் செய்தது, தியாகராஜாவின் பையில், யுத்தகாலச் சோதனைச் சாவடி வரைக்கும். ஒரு தமிழர், அவர் பையில் பெயரில்லாத வெள்ளைத் தூள். தேசத்தின் பாதுகாப்பு உடனே விழித்துக்கொண்டது. ஆமிக்காரர்கள் தியாகராஜாவைப் பகல் முழுக்க வெயிலில் நிறுத்தி, கடைசியில் அவரையே ஒரு கரண்டி தின்னவைத்தார்கள். அவர் சாகவில்லை என்று தெரிந்ததும் அவரை விட்டார்கள்; தூளை விடவில்லை. ஆக, அந்த ஆராய்ச்சியில் நொதியம் தின்ற ஒரே உயிர் அவர்தான். பலன் அபாரம். பசியோடு வந்து சேர்ந்தவர் முதலில் பார்த்தது அடுப்படியைத்தான்.

கமலாட்சிக்குப் பாவமாகிவிட்டது. ஒரு கோழி அடித்துப் போட வலது கூட்டுக்குள் கையை விட்டாள்.

"அதை விடுங்கோ. அது ஆராய்ச்சிக் கோழி. மற்றக் கூட்டிலை ஒண்டைப் பிடியுங்கோ."

அடுத்த கிழமையிலிருந்து 'மேற்பார்வை' தொடங்கியது. மேலதிகாரிகள் ஜீப்பில் வந்து, வலது கூட்டை மூக்கைப் பொத்தியபடி பாராட்டிவிட்டு, இடது கூட்டுக் கறிக்குக் கை கழுவினார்கள். வீடு தேடி வந்த பெரியவர்களைக் கறிச்சோறு போடாமல் அனுப்புவது தோட்டத்து ஆட்களுக்குத் தெரியாத வித்தை. ஜீப்பில் ஆட்களும் கூடிக்கொண்டே வந்தார்கள். வலது கூட்டுக் கோழிகள் மட்டும் புறா அளவிலேயே நின்றுவிட்டன. அறிக்கையில் அதற்குப் பெயர் 'கொழுப்பற்ற சிக்கன உடற்கட்டு'. தீபாவளிக்குக் கோழி வாங்க வந்த கடைக்கார மர்சூக் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கூட்டிலேயே இறக்கிவிட்டுப் போனார். அன்று கமலாட்சி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

ஆறாம் கிழமை தராசு வந்தது. இடது கூட்டில் இறகுகள் இருந்தன. தியாகராஜா சிறிதும் கலங்காமல் முடிவை வாசித்தார்:

"வழக்கமான தீவனம் உண்ட கோழிகளில் ஒன்றேனும் ஆறு வாரம் உயிர்தப்பவில்லை. றப்பர் கொட்டைக் கோழிகள் அனைத்தும் நலம். ஆகவே இனி இப்பகுதிக்கு றப்பர் கொட்டைத் தீவனம் மட்டுமே வழங்கப்படும்."

கைதட்டல் ஓய்ந்ததும் மேலதிகாரி பெருந்தன்மையோடு திரும்பினார்.

"அம்மாவுக்கு ஏதும் சொல்ல இருக்கா?"

"செத்துச்சுன்னு எழுதினது சரிதாங்க ஐயா," என்றாள் கமலாட்சி. "என்னா சீக்குல செத்துச்சுன்னு எழுதலியே. கிழமைக்கு ஒருக்கா ஜீப்புல வந்த சீக்குன்னு எழுதிக்குங்க."